மூன்றாவது கை

ஹார்லெம், நியூயார்க்
செப்டம்பர் 9, 1923

அன்புள்ள லூவி அக்காவுக்கு,

இந்த நாலு வரியும் உன்னையும் அம்மாவையும் சுகத்தில் காணட்டும். நானும் என் வீட்டுக்காரி ஐடெலும் நன்றாக இருக்கிறோம். அவளுக்குத் தொப்பிக் கடையில் வேலை அதிகம். எனக்கு விரல் தேயத் தேயக் கூப்பிடுகிறார்கள்.

இந்தப் பார்சலைப் பிரித்ததும் முதலில் பெட்டியின் மேலே அச்சடித்திருப்பதை அம்மாவுக்குப் படித்துக் காட்டு. "துறைமுகத் துள்ளல். வாசித்தவர்: அமோஸ் காட்ஸ்டன்." ஆமாம், உன் தம்பிதான். ரோல் கம்பெனியில் என்னைப் பியானோ முன்னால் உட்கார வைத்தார்கள். நான் வாசிக்க வாசிக்க மெஷின் காகிதச் சுருளில் துளைகளாகக் குறித்துக்கொண்டே போனது. அந்தச் சுருளைத்தான் ரோல் என்கிறார்கள். இப்போது அந்தக் காகிதத்தைத் தானியங்கிப் பியானோவில் பூட்டி மிதித்தால் போதும், நான் இல்லாத ஊரிலும் நான் வாசிப்பேன்.

இங்கே என் பெயர் "கடிகாரம்". என் இடது கை தாளம் பிசகாது என்று வைத்த பெயர். வாடகைக்குப் பணம் சேர்க்க யார் வீட்டில் பார்ட்டி வைத்தாலும் எனக்குத்தான் முதல் அழைப்பு. நீ பார்க்க வேண்டும் அக்கா. உள்ளே நுழைந்ததும் உட்கார்ந்து விடக் கூடாது. தொப்பியைக் கழற்றாமல் ஒரு பார்வை. பிறகு கோட்டைக் கழற்றி, உள்ளே தைத்த சிவப்புப் பட்டு வெளியே தெரியும்படி மடித்து, பியானோவின் தலையில் வைக்க வேண்டும். அந்த நிதானத்தைப் பார்த்தே, போட்டிக்கு வாசிக்க வந்த எதிராளிக்குப் பாதி உயிர் போய்விடும்.

நீ இன்னும் சபையில் அதே பாட்டுகளைத்தான் வாசிக்கிறாயா? அம்மாவுக்கு என் முத்தம்.

உன் தம்பி,
அமோஸ்


சார்ல்ஸ்டன், தென் கரோலினா
செப்டம்பர் 30, 1923

தம்பி அமோஸுக்கு,

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் இருவரும் நலமாயிருக்க ஜெபிக்கிறேன்.

சந்தோஷம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா மாட்டேன் என்கிறது. பொறாமையா அக்கா என்று நீ கேட்பாய். ஆமாம், பொறாமைதான். வேறு பெயர் வைத்துக் கூப்பிட எனக்குத் தெரியவில்லை.

ஒரே பியானோவில், ஒரே மிஸ் ப்ரேலோவிடம் படித்தோம். அவள் அம்மாவிடம் என்ன சொன்னாள் என்பது உனக்கும் தெரியும். "உங்க வீட்ல ஒரு கை இருக்கு காட்ஸ்டன் அம்மா, அது பொண்ணோட கை." அப்புறம் ஹார்லெமிலிருந்து பாட்ஸி அத்தை, என் வீட்டில் ஒரு கட்டிலுக்குத்தான் இடமிருக்கிறது என்று எழுதினாள். அம்மா யோசிக்கவே இல்லை. "ஆம்பளப் புள்ள போவட்டும்." நீ கப்பல் ஏறினாய். நான் சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டி எடுத்தேன்.

உன் பெட்டியை அம்மா பைபிளுக்குப் பக்கத்தில் வைத்துத் தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். ஆனால் இந்தக் குத்துப்பாட்டு தன் காதில் விழக் கூடாதாம். அதனால் எடுத்துக்கொண்டு மிஸ்டர் லாட்சன் வீட்டுக்குப் போனேன். மனைவி காலமான பிறகும் சவ அடக்கக் கடையை அவரே நடத்துகிறார். துக்கம் கேட்க வருபவர்களுக்குப் பக்திப் பாட்டுப் போட முன் அறையில் ஒரு தானியங்கிப் பியானோ வாங்கி வைத்திருக்கிறார். உள் அறையில் யாரும் படுத்திருக்காத நாளாகப் பார்த்து, உன் ரோலைப் பூட்டினார்.

வயிறு எரிந்தது அமோஸ். நன்றாக இருந்ததால்தான் எரிந்தது.

மெதுவாக ஓட விட்டு, எந்தக் கட்டை தானாக இறங்குகிறதோ அதன் மேல் என் விரலை வைத்துக்கொண்டே வந்தேன். முதல் இரண்டு பகுதியும் சரி. மூன்றாவது பகுதியில் கீழே இடது கை தாவுகிறது, மேலே வலது கை பாடுகிறது, நடுவில் இன்னொரு ராகம் தனியாக நடந்து போகிறது. அதற்கும் மேலே மணி மாதிரி ஒரு சுரம். எனக்கு விரல் தீர்ந்துவிட்டது. எப்படி வாசிக்கிறாய்? எழுது.

ஐடெலுக்கு என் அன்பு.

அக்கா,
லூவீனியா


ஹார்லெம்
நவம்பர் 18, 1923

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதம், மன்னித்துக்கொள். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. இருமல் கொஞ்சம் இருந்தது, இப்போது தேவலாம். அம்மாவின் முழங்காலுக்கு டர்பன்டைன் தேய்.

ஐடெலின் அண்ணன் வர்ஜீனியாவிலிருந்து ஒரு பன்றித் தொடை கொண்டுவந்தான். நன்றித் திருநாளுக்கு அதுதான். பாட்ஸி அத்தை பல் கட்டிக்கொண்டாள், சிரித்துக்கொண்டே இருக்கிறாள்.

நீ கேட்டது தொழில் ரகசியம். சொன்னாலும் பெண் கைக்கு அது வராது. அதற்குப் பெரிய விரல் வேண்டும். வீணாக மணிக்கட்டைச் சுளுக்கிக்கொள்ளாதே.

தம்பி,
அமோஸ்


சார்ல்ஸ்டன்
டிசம்பர் 2, 1923

அமோஸுக்கு,

அம்மா சுகம். டர்பன்டைன் வாடையில் பூனை வீட்டை விட்டுப் போய்விட்டது. உன் இருமல் முழுதும் நின்றிருக்க வேண்டும் என்று கர்த்தரைக் கேட்கிறேன்.

பெண் கையா? இந்தப் பெண் கை நாள் முழுக்கச் சூடான இரும்பைத் தூக்கி வெள்ளைக்காரத் துரைமார் சட்டைக்கு மடிப்பு எடுக்கிறது. நீ பியானோவுக்கு மேலே வைக்கிற கோட்டை உனக்கு இஸ்திரி போட்டுத் தருவது எந்தக் கை? ஐடெலின் கை. அதுவும் பெண் கைதான்.

அந்த வார்த்தையைப் படித்த நாளிலிருந்து வேலை முடிந்ததும் நேரே லாட்சன் வீடுதான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கிறார். நான் கட்டைகளைத் துரத்துகிறேன். "மிஸ் லூவீனியா, இன்னும் மெதுவா ஓட்டட்டுமா?" என்று கேட்டுக் கேட்டு மிதிக்கிறார். பாவம், நல்ல மனிதர்.

போன செவ்வாய், நம் சபை நிர்வாகி டீக்கன் ரிவர்ஸ், இறந்துபோன தன் மாமாவுக்குச் சவப்பெட்டி பார்க்க வந்துவிட்டார். நாங்கள் பலமாக வாசித்துக்கொண்டிருந்தோம். "கடவுளே, என்ன சத்தம் இது?" என்றார். லாட்சன் எழுந்து நின்று, "மெஷின் கெட்டுப் போச்சு டீக்கன், தானா ஓடுது" என்றார். "அப்ப அந்தம்மா எதுக்கு அங்க உக்காந்திருக்கு?" "தூசி தொடைக்கறாங்க." டீக்கன் என் கையைப் பார்த்தார். "இவ்வளவு வேகமாவா தொடைப்பாங்க?" இப்போது சபையில் அதுதான் பேச்சு. கதையில் பியானோவை விட்டுவிட்டார்கள். நானும் லாட்சனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

பாதி கண்டுபிடித்துவிட்டேன். நடு ராகத்தைத் தனிக் கையாக நினைப்பதுதான் தப்பு. இடது கை கீழே அடித்துவிட்டு மேலே தாவி வருகிறதே, வழியில் கட்டை விரல் அதைப் பொறுக்கிக்கொண்டு வரலாம். சரிதானே? அந்த மணிச் சுரம்தான் பிடிபடவில்லை. அது வலது கையின் சுண்டு விரலா? ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. முழு ரகசியமும் வேண்டாம்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து இருவருக்கும்.

லூவீனியா


ஹார்லெம்
ஜனவரி 20, 1924

அன்பு அண்ணி,

நீங்களும் அத்தையும் புது வருஷத்தில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன். நான் சௌக்கியம். உங்கள் தம்பியும் உடம்பால் சௌக்கியம்.

அவர் பதில் போடவில்லை என்று வருத்தப்படாதீர்கள். உங்கள் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறார். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

அந்த இடத்தை அவர் எப்படி வாசிக்கிறார் என்று கேட்டீர்கள். வாசிக்கவில்லை அண்ணி. ரோல் கம்பெனியில் அவர் வாசித்து முடித்த பிறகு, ஒரு ஆள் கத்தியும் துளை போடும் கருவியுமாக உட்கார்ந்து காகிதத்தில் இன்னும் கொஞ்சம் துளைகளை வெட்டிச் சேர்த்தாராம். ரோல் கேட்க நிறைவாக இருக்க வேண்டும் என்று எல்லாருக்குமே இப்படித்தான் செய்வார்களாம். இவருக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. இப்போது அதுவே வினையாகிவிட்டது. ஜெர்சி சிட்டியிலிருந்து டாலிவர் என்று ஒரு பியானோக்காரன் வருகிறான். போகிற பார்ட்டியில் எல்லாம் "ரோல்ல இருக்கறத வாசிடா கடிகாரம்" என்று கை தட்டுகிறான். ரோல் வாங்கினவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். இவர் ஒரு நாள் பியானோ கோணல் என்கிறார், ஒரு நாள் கட்டை ஒட்டுகிறது என்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். இப்போது ஆள்காட்டி விரலில் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். உள்ளே காயம் எதுவும் இல்லை; கட்டியது நான்தானே.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், நீங்கள் அங்கே உயிரை விட்டு அதைப் பழக வேண்டாம். அது ஒரு ஆள் வாசிக்கிற விஷயமே இல்லை. நான் சொன்னதாக அவரிடம் காட்டிக்கொள்ளாதீர்கள்.

உங்கள்,
ஐடெல்


சார்ல்ஸ்டன்
பிப்ரவரி 3, 1924

அன்பு ஐடெலுக்கு,

இங்கே சுகம். நீ குளிரில் தொப்பிக் கடைக்கு நடந்து போகிறாய். மார்புக்குக் கம்பளி சுற்றிக்கொள்.

உன் கடிதத்தை லாட்சன் கடை வாசலில் நின்று படித்தேன். உரக்கச் சிரித்தேன். துக்கத்துக்கு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நீ நல்ல மனசோடு எழுதினாய் பெண்ணே, ஆனால் ரொம்பத் தாமதமாக எழுதினாய். அது ஒரு ஆள் வாசிக்கிற விஷயம் இல்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அமோஸ் வாசிக்கிறான் என்று நினைத்தேன். அவனுக்கு முடிந்தது எனக்கு முடியாதா என்கிற ஒரே வெறி. கிறிஸ்துமஸுக்கு அடுத்த வாரம் அது என் கைக்கு வந்துவிட்டது. நடுவில் இரண்டு சுரத்தை விட்டுவிடுகிறேன். சுரத்தை நீட்டுகிற மிதியைக் காலால் அழுத்திப் பிடித்திருந்தால், விட்டதைக் கேட்பவர் காதே போட்டுக்கொள்கிறது. லாட்சன் மிதிப்பதை நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "ரோல எடுத்துடட்டுமா மிஸ் லூவீனியா? இனிமே அதுக்கு இங்க வேல இல்ல" என்றார்.

ஆக, அவனிடம் இல்லாததைப் பார்த்து இத்தனை மாதம் நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவமானமாகத்தான் இருக்க வேண்டும். இல்லை. தலை கால் புரியாத சந்தோஷமாக இருக்கிறது.

ஈஸ்டர் வாரத்தில் நியூயார்க்கில் சபைப் பெண்கள் மாநாடு. எங்கள் சபையிலிருந்து யார் போவது என்று கேட்டார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன். நான் அதை வாசிப்பதைப் பற்றி அமோஸிடம் வாயைத் திறக்காதே. நீ என் பக்கமும் இருக்க வேண்டாம், அவன் பக்கமும் இருக்க வேண்டாம். மீன் மட்டும் பொரித்து வை.

அன்புடன்,
அண்ணி


சார்ல்ஸ்டன்
பிப்ரவரி 3, 1924

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன் நலத்துக்குக் குறைவில்லை என்று நம்புகிறேன்.

நீ சொன்னதுதான் சரி. பெண் கைக்கு அது வரவே வராது. விட்டுவிட்டேன். உன்னைப் போல வாசிக்க இன்னொருவர் பிறந்துதான் வர வேண்டும். ஈஸ்டர் வாரம் சபைப் பெண்கள் மாநாட்டுக்கு நியூயார்க் வருகிறேன், அப்போது உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும்.

உன் அக்கா,
லூவி


ஹார்லெம்
மார்ச் 9, 1924

அருமை அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குப் பசி எடுக்கிறது. அம்மா சுகம்தானே? அவளுக்கு ஒரு சால்வை அனுப்பியிருக்கிறேன்.

வந்துவிடு அக்கா! மாநாட்டுச் சனிக்கிழமை மிஸஸ் டேட் வீட்டில் பார்ட்டி. உன்னை முன்னால் உட்கார வைக்கிறேன். சபைக்காரி என்று யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள், நான் இருக்கிறேன். விட்டுவிட்டதற்காக மனம் தளராதே. எல்லோருக்கும் எல்லாம் வருமா? உனக்குப் பக்திப் பாட்டு, எனக்கு இது. விரலில் ஒரு சின்ன அடி பட்டிருக்கிறது, அதனால் அன்றைக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்ட முடியுமோ என்னவோ.

தம்பி,
அமோஸ்


ஹார்லெம்
ஏப்ரல் 28, 1924

மதிப்புக்குரிய மிஸ்டர் லாட்சன் அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் கடையும் நலம் என்று எழுதலாமா என்று தெரியவில்லை. உங்கள் கடை நலமாக இருந்தால் ஊருக்கு நலமில்லை என்று அர்த்தம். நீங்கள் நலமாக இருங்கள். நீங்கள் தினமும் சூப் கொண்டுவந்து கொடுப்பதாக அம்மா ஆள் வைத்து எனக்கு எழுதியிருக்கிறாள். அதற்கு நன்றி. நீங்கள் மிதித்துப் பழக்கியது என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

மிஸஸ் டேட்டின் வீடு நாலாவது மாடி. அறைக்குள் கால் வைக்க இடமில்லை. அமோஸ் தொப்பியோடு வந்தான், பார்வை பார்த்தான், சிவப்புப் பட்டுக் கோட்டை மடித்துப் பியானோ மேல் வைத்தான். என் தம்பியா இவன் என்று இருந்தது. விரலில் வெள்ளைக் கட்டு. கட்டோடு இரண்டு சின்னப் பாட்டு வாசித்தான். டாலிவர் சன்னலோரம் சாய்ந்து நின்றிருந்தான். உயரமான ஆள், சிரிக்காமல் பேசுகிற வாய்.

"கடிகாரம், அந்தக் கட்டு எப்பய்யா அவிழும்? ஈஸ்டருக்குக் கர்த்தரே எழுந்துட்டாரு. ஒன் வெரல் மட்டும் இன்னும் எழலயே?"

வீடே சிரித்தது. அமோஸும் சிரித்தான். அவன் கழுத்து வியர்த்தது எனக்குத்தான் தெரிந்தது. "வலிக்குதுடா டாலிவர், வலி ஒனக்குத் தெரியாது" என்றான்.

"ரோல்ல இருக்கறதுதான வேணும்?" என்று நான் எழுந்தேன். "நான் வாசிக்கிறேன்."

"யாரு, இந்தச் சபை அம்மாவா? தாலாட்டுங்களா?"

எனக்குக் கோட்டு இல்லை. வெள்ளைக் கையுறை இருந்தது. ஒவ்வொரு விரலாகக் கழற்றி, அமோஸின் கோட்டுக்கு மேலேயே வைத்தேன். பிறகு வாசித்தேன், மிஸ்டர் லாட்சன். உங்கள் முன் அறையில் வாசித்ததைவிட நன்றாக வாசித்தேன். மூன்றாவது பகுதி வந்ததும் பேச்சு நின்றது, தட்டுச் சத்தம் நின்றது. டாலிவர் வந்து குனிந்து பியானோவுக்கு அடியில் பார்த்தான். "மெஷின எங்கம்மா ஒளிச்சு வச்சிருக்கீங்க?" முடித்ததும் அவன் தொப்பியைக் கழற்றினான். அந்த ஊரில் அதற்கு என்ன விலை என்று எனக்குப் பிறகுதான் சொன்னார்கள்.

"யாரும்மா கத்துக் குடுத்தா?" என்று யாரோ கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அமோஸ் முன்னால் வந்துவிட்டான். "எங்கக்காதான்! நான்தான் கடுதாசிலயே சொல்லிக் குடுத்தேன்!"

ஒரு வார்த்தை போதும் அவனைக் கவிழ்க்க. நாக்கு நுனியில் இருந்தது. ஐடெல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். விழுங்கிவிட்டேன். இன்னும் தொண்டையில்தான் இருக்கிறது.

அதோடு முடிந்திருந்தால் நான் ராணி மாதிரி திரும்பி வந்திருப்பேன். ஆனால் மிஸஸ் டேட் சமையலறையிலிருந்து வந்து இடுப்பில் கை வைத்தாள். "நல்லாத்தான் வாசிக்கற தாயி. ஆனா ஒருத்தரும் ஆடலயே! ஆடுனாத்தான தாகம் எடுக்கும், தாகம் எடுத்தாத்தான என் சரக்கு போகும்? வாயப் பொளந்துட்டு நின்னா என் வீட்டு வாடகைய யாரு குடுப்பா?"

அமோஸ் கட்டைப் பிய்த்து எறிந்துவிட்டு உட்கார்ந்தான். சாதாரணப் பாட்டுதான். ஒரு சுரம்கூட அதிகம் இல்லை. அந்த இடது கை கீழே ஒன்று, மேலே ஒன்று என்று நடந்தது, அவ்வளவுதான். வீடே எழுந்து ஆடியது. டாலிவர் ஆடினான். ஐடெல் ஆடினாள். என் காலும் ஆடியது, துரோகிக் கால்.

நான் வாசித்தபோது வாயைப் பிளந்தார்கள், அவன் வாசித்தபோது ஆடினார்கள். எனக்கு இரண்டும் வேண்டும். இத்தனை நாள் இல்லாத ஒன்றுக்குப் பொறாமைப்பட்டேன். இப்போது இருக்கிற ஒன்றுக்கு.

வியாழக்கிழமை வந்து சேருவேன்.

மரியாதையுடன்,
லூவீனியா காட்ஸ்டன்


ஹார்லெம்
மே 25, 1924

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக ஊர் சேர்ந்திருப்பாய். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. விரலும் ஆறிவிட்டது.

அன்றைய பார்ட்டியைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. இந்த ஊரில் எதுவும் ஒரு வாரம் தாங்காது, நீ ஏமாந்துவிடக் கூடாது என்றுதான் சொல்கிறேன். அம்மாவுக்கு வயதாகிறது. அவளைத் தனியாக விட்டுவிட்டு இனிமேல் இவ்வளவு தூரம் அலையாதே. மிஸ்டர் லாட்சனைப் பற்றி நீ நல்லவிதமாகவே பேசினாய். தொழிலும் நிலையான தொழில். ஆள் குறையவே குறையாது. யோசித்துப் பார்.

தம்பி,
அமோஸ்


ஹார்லெம்
ஜூன் 15, 1924

அன்பு அண்ணி,

வெயில் கொல்லுகிறது, இருந்தாலும் பிழைத்துக் கிடக்கிறோம். நீங்களும் அத்தையும் சுகமா?

நான் அவர் மனைவி. அவர் பக்கம்தான். இதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்கிறார்கள் அண்ணி. "அக்கா எங்க? வெள்ளக் கையுறை அம்மா எப்ப வருவாங்க?" டாலிவர் என் தொப்பிக் கடைக்கே வந்து கேட்டான். வேறொரு ரோல் கம்பெனியிலிருந்தும் ஒருவர் வந்தார். அவர்கள் எல்லோருக்கும் உங்கள் தம்பி என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா? "எங்கக்காவுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. மாப்பிள்ள சவப்பெட்டிக் கடைக்காரரு. கண்டிப்பான மனுஷன். பியானோவ வித்துட்டாரு."

ஹார்லெமே ஐயோ பாவம் என்கிறது. மிஸஸ் டேட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்யாணப் பரிசு என்று பூப்போட்ட மேஜை விரிப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

பகலில் நான் கடைக்குப் போனதும், நீங்கள் டிசம்பரில் எழுதிய கடிதத்தைப் பியானோ மேல் விரித்து வைத்துக்கொண்டு அந்த மூன்றாவது பகுதியைப் பழகுகிறாராம். பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். கட்டை விரலால் பொறுக்குவது அவருக்கு வரவில்லை. நேற்று இரண்டு கையாலும் கட்டைகள் மேல் ஓங்கிக் குத்தினாராம்.

அவர் கெட்டவர் இல்லை அண்ணி. அது உங்களுக்கும் தெரியும். ஆனால் அந்தப் பொய்க்கு நான் மேஜை விரிப்பு வாங்கிக்கொண்டது எனக்கு உறுத்துகிறது.

உங்கள்,
ஐடெல்


சார்ல்ஸ்டன்
ஜூலை 6, 1924

அன்புத் தம்பி அமோஸுக்கு,

நான் திடமாக இருக்கிறேன். அம்மாவும் அப்படியே. உன் விரல்கள் பத்தும் சுகமாக இருக்கட்டும்.

எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாமே. யார் சொன்னது என்று கேட்காதே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் யாராவது பார்க்கத்தான் செய்வார்கள். மாப்பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று மிஸ்டர் லாட்சனிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் பியானோவ வித்தேனா? அபாண்டம்! கல்யாணத்த வேணா ஒத்துக்கறேன் மிஸ் லூவீனியா, பியானோவ வித்தத ஒத்துக்க மாட்டேன்." அவரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அது என் பாடு.

அம்மாவிடமும் சொன்னேன். உன்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அவரைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அவன் பயந்துக்கிட்டுப் பொய் சொல்ற அளவுக்கா நீ வாசிக்கிற?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷம் அடுத்த அறையில் இருந்துகொண்டு கேட்டும் அவளுக்குத் தெரியாத ஒன்று, நீ என் மேல் பட்ட பொறாமையால் தெரிந்துவிட்டது. அதற்காக உனக்கு நன்றி சொல்ல வேண்டும். மிஸ் ப்ரேலோ சொன்னபோது அவள் நம்பவில்லை. நீ சொல்லாமல் சொன்னதை நம்பிவிட்டாள். "ஜேம்ஸ் தீவுல என் தங்கச்சி இருக்கா. எனக்குச் சோறு போடுவா. நீ பெட்டியக் கட்டு" என்று சொல்லிவிட்டு மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். நானும் அழுதேன்.

புதன்கிழமைக் கப்பலில் வருகிறேன். பாட்ஸி அத்தையின் கட்டில் இப்போது காலியாகத்தானே இருக்கிறது? அந்த மூன்றாவது பகுதி உனக்கு வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாய் விட்டுக் கேள், சொல்லித் தருகிறேன். உன் இடது கை எனக்கு வேண்டும். நான் கேட்க மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே எடுத்துக்கொள்வேன்.

சனிக்கிழமை மிஸஸ் டேட்டிடம் சொல்லிவிடு, மாப்பிள்ளை திடீரென்று காலமாகிவிட்டார், சொந்தக் கடையிலேயே நல்ல முறையில் அடக்கம் ஆனது என்று. மேஜை விரிப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கணவனை இழந்த உன் அக்கா,
லூவீனியா